ஓடுகிற ஹெரால்டு எத்தனை? கம்ப்யூட்டரைக் கேட்டுப் பார்ப்போமா?

"ஏல, கம்ப்யூட்டர்ல தட்டுனா எல்லாம் வந்திரும்னு சொல்லுதியே, நம்ம வண்டி மாதிரி இன்னும் எத்தன ஓடுதுன்னு பாத்துச் சொல்லு பாப்போம்."

செங்கோட்டையில் இருந்து பெரியப்பா போனில் இப்படிக் கேட்டார். அவர் சொல்லும் வண்டி 1970 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார். வீட்டுக்குப் பின்னால் ஓட்டுச் சாய்ப்பில் இருபது வருடத்துக்கு மேலாக நிற்கிறது. இப்போது அந்தச் சாய்ப்பை இடித்துவிட்டு அண்ணன் வீடு கட்டப் போகிறான். பழைய இரும்புக்காரர் ஒருவர் வந்து பார்த்து, எடை போட்டு எடுத்துக் கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

பெரியப்பாவின் கணக்கு எளிமையானது. "ஊருக்கு நூறு இருந்தா குடுத்துரலாம். அங்கொண்ணு இங்கொண்ணுதான் இருக்குன்னா வச்சிருப்போம். நீதாம்ல பாத்துச் சொல்லணும்."

நான் சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் நிறுவனத்தில் டேட்டாபேஸ் வேலை பார்ப்பவன். எண்ணுவதுதான் என் தொழில். ஒரு வரி எழுதினால் விடை வந்துவிடும் என்று நினைத்து, "நாளைக்குச் சொல்றேன் பெரியப்பா" என்றேன். அந்த நாளை வர மூன்று மாதம் ஆகிவிட்டது. ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கும் வாசகர்களுக்கு எக்செலில் எண்ணும்போது எங்கெங்கே ஏமாறுவோம் என்பதும் இதில் தெரிந்துவிடும்.

ஸ்பிட்ஃபயரின் அக்கா

இளைய வாசகர்கள் பலர் ஹெரால்டைப் பார்த்திருக்க மாட்டார்கள். அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு. ஒரு காலத்தில் இந்தியாவில் கார் வாங்குவது என்றால் இந்த மூன்றில் ஒன்றுதான். இதில் ஹெரால்டு நம் சென்னைக் கார். ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற நிறுவனம் 1961 முதல் சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம் உள்ள தொழிற்சாலையில் இதைத் தயாரித்தது. 948 சிசி இன்ஜின். மூலம் இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டு. வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கலோட்டி. அங்கே 1959இல் வந்தது.

இந்தக் காரின் பானெட் மற்ற கார்களைப் போல் மேல் மூடி மட்டும் திறப்பது அல்ல. மட்கார்டு, ஹெட்லைட்டோடு சேர்ந்து முன்பக்கம் முழுவதும் முதலை வாயைத் திறந்ததுபோல் முன்னால் கவிழும். சின்ன வயதில் அதன் மேல் உட்கார்ந்து நான் வாங்கிய அடிகளுக்குக் கணக்கு இல்லை. இன்னொரு விசேஷம், 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். குற்றாலத்தில் சீசன் நேரத்தில் காரைத் திருப்பிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஹெரால்டில் அடியில் தனிச் சட்டம், மேலே போல்ட் போட்டு மாட்டிய பாடி. சேசிஸ் தனி, உடம்பு தனி. அதே சேசிஸைக் கொஞ்சம் நீளம் குறைத்து, மேலே இரண்டு பேர் உட்காரும் உடம்பை மாட்டி 1962இல் ஒரு ஸ்போர்ட்ஸ் காரை இறக்கினார்கள். அதுதான் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். 1980 வரை மூன்று லட்சத்துக்கு மேல் செய்து விற்றார்கள். நம் சாய்ப்பில் நிற்பது அந்த ஸ்போர்ட்ஸ் காரின் சொந்த அக்கா.

எங்கள் ஆபீஸ் வேலையில் தினமும் போனில் பேசும் ஓர் இங்கிலாந்துக்காரர் ஸ்பிட்ஃபயர் வைத்திருக்கிறார். வேலைப் பேச்சு முடிந்ததும் பெரியப்பா கேட்ட கேள்வியைச் சொன்னேன். அவர் இரண்டே நிமிடத்தில் தன் காருக்கு விடையைப் படித்துவிட்டார். ஓடுவது இத்தனை, ஓடாமல் வீட்டில் நிற்பது இத்தனை என்று இரண்டு எண்கள். "உங்கள் ஹெரால்டு படம் அனுப்புங்கள்" என்றார். அனுப்பினேன். "இது ஹெரால்டே இல்லை, நான்கு கதவு இருக்கிறதே" என்று பதில் வந்தது. அங்கே ஹெரால்டு என்றால் இரண்டு கதவுதான். 1960களின் கடைசியில் நம்மவர்கள்தான் குடும்பத்தோடு ஏறி இறங்கத் தோதாக நான்கு கதவு வைத்தார்கள். அவருக்கு இதை நம்ப வைக்கவே ஒரு வாரம் ஆனது.

இரண்டு நிமிடத்தில் எப்படிச் சொன்னார்?

இங்கிலாந்தில் வாகனப் பதிவை டி.வி.எல்.ஏ. என்ற அமைப்பு பார்த்துக் கொள்கிறது. வேல்ஸ் பகுதியில் ஸ்வான்சி நகரத்தில் இருக்கிறது. மாடல் வாரியாக எத்தனை வண்டிகள் என்ற பட்டியலை மூன்று மாதத்துக்கு ஒரு முறை அரசே இலவசமாக வெளியிடுகிறது. வி.இ.எச். 0120 என்பது அந்த ஃபைலின் பெயர். சிஎஸ்வி வகை ஃபைல். அதாவது ஒவ்வொரு விவரத்துக்கும் நடுவில் கமா போட்டு எழுதிய சாதாரண டெக்ஸ்ட் ஃபைல். எக்செலிலும் திறக்கும், இலவசமாகக் கிடைக்கும் லிப்ரெஆபீஸ் கால்க்கிலும் திறக்கும். உங்களிடம் பழைய எக்செல் 2003 இருந்தால் 65,536 வரிசைகளுக்கு மேல் ஏறாது என்பதை நினைவில் வையுங்கள். 2007 முதல் வந்தவற்றில் 10,48,576 வரிசை வரை இடம் உண்டு.

திறந்து, டேட்டா மெனுவில் ஃபில்டரை அழுத்தி, தயாரிப்பாளர் என்ற இடத்தில் டிரையம்ஃப் என்றும் மாடல் இடத்தில் ஸ்பிட்ஃபயர் என்றும் தேர்ந்தெடுங்கள். சில வரிசைகள் நிற்கும். இங்கேதான் புதியவர்கள் தப்பு செய்வார்கள். நிற்கிற வரிசைகளை எண்ணி, "இவ்வளவு கார்தான்" என்று சொல்லிவிடுவார்கள். ஒவ்வொரு வரிசையிலும் ஏற்கனவே ஓர் எண்ணிக்கை இருக்கிறது. எனவே கவுன்ட் கூடாது, கூட்ட வேண்டும். கூட்டும்போதும் சம் என்ற ஃபங்ஷனைக் கையால் டைப் செய்தால், ஃபில்டர் மறைத்து வைத்த வரிசைகளையும் சேர்த்துக் கூட்டிவிடும். ஃபில்டர் செய்த பிறகு ஆட்டோசம் பட்டனை அழுத்துங்கள். எக்செல் தானாகவே சப்டோட்டல் ஃபங்ஷனைப் போட்டு, கண்ணுக்குத் தெரிகிற வரிசைகளை மட்டும் கூட்டித் தரும்.

இந்த ஃபைலில் எனக்குப் பிடித்தது லைசென்ஸ் நிலை என்ற காலம்தான். அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, வரி கட்டி ரோட்டில் ஓடுவது. இன்னொன்று 'சார்ன்'. 1998இல் அங்கே ஒரு விதி வந்தது. வண்டியை ஓட்டாமல் வீட்டில் வைத்திருந்தால் "இது ரோட்டுக்கு வராது" என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதன் பெயர்தான் சார்ன். உயிரோடு இருக்கிறது, ஆனால் ஓடவில்லை என்று ஒரு காரைப் பற்றி அரசுக்கே தெரியும். அதற்காக அந்த ஃபைலில் எல்லாம் சுத்தம் என்று நினைக்க வேண்டாம். பழைய கார்கள் பலவற்றுக்கு எதிரே 'மாடல் இல்லை' என்றுதான் இருக்கிறது. ஸ்பிட்ஃபயரே அதில் பல பெயர்களில் வருகிறது.

நம் ஊரில்?

நம் நாட்டில் வாகனப் பதிவுக்கு 'வாகன்' என்ற டேட்டாபேஸ் இருக்கிறது. என்.ஐ.சி. உருவாக்கியது. அதன் டாஷ்போர்டை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். மாநிலம் வாரியாக, ஆர்டிஓ வாரியாக, எரிபொருள் வாரியாக, தயாரிப்பாளர் வாரியாக எண்கள் கிடைக்கும். தென்காசியின் டி.என். 76 அலுவலகத்தைத் தனியாகத் தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம். நன்றாகவே செய்திருக்கிறார்கள். ஆனால் அதில் தயாரிப்பாளர் பெயரோடு சரி, மாடல் கிடையாது. அதில் காட்டுவதும் அந்தந்த ஆண்டில் எத்தனை வண்டி பதிவானது என்ற கணக்கு. பதிவானதில் எத்தனை மிச்சம் என்பது வேறு கேள்வி.

இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் வரும்? டில்லியைப் பாருங்கள். 15 வருடம் ஆன பெட்ரோல் வண்டியும் 10 வருடம் ஆன டீசல் வண்டியும் அங்கே ஓடக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் சொன்னது. 2018இல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. அதன் பிறகு பழைய பதிவுகளைக் கணக்கிலிருந்து எடுத்தார்கள். 2020-21இல் சுமார் 1 கோடியே 22 லட்சமாக இருந்த டில்லி வாகனங்கள் அடுத்த ஆண்டில் சுமார் 79 லட்சமாகிவிட்டன. ஒரே வருடத்தில் 40 லட்சத்துக்கு மேல் வண்டிகள் காணாமல் போகுமா? அவற்றில் பல எப்போதோ போயிருக்கும். புத்தகத்தில் மட்டும் ஓடிக் கொண்டிருந்திருக்கும்.

ஒரு வண்டி அழிந்துபோனால், பயன்படுத்தவே முடியாத நிலைக்கு வந்தால், 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 55 சொல்கிறது. படித்தபோது சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை, ஏனென்றால் எங்கள் வீட்டுக் கதையே அதுதான்.

எம்பரிவாகன் என்று ஓர் ஆப் இருக்கிறது. பதிவெண்ணைக் கொடுத்தால் வண்டியின் விவரம் வரும். சோதனைக்காக எங்கள் குடும்பத்து வண்டிகள் இரண்டைத் தேடினேன். முதலில், அப்பா வைத்திருந்த 1996 மாருதி 800. அதை 2014இல் எடைக்குத்தான் போட்டோம். என் கண் முன்னால் கேஸ் கட்டர் வைத்து அறுத்தார்கள். தேடினால் விவரம் பளிச்சென்று வருகிறது, பதிவு ரத்தாகவில்லை! நாங்கள் யாரும் போய்ச் சொல்லவில்லை, அதனால் அது இன்னும் இருக்கிறது. அடுத்து பெரியப்பாவின் ஹெரால்டு. மூன்று எழுத்தும் நான்கு இலக்கமும் உள்ள பழைய எண். இடைவெளி விட்டு, விடாமல், முன்னால் சைபர் சேர்த்து என்று எல்லா விதத்திலும் அடித்துப் பார்த்தேன். விவரம் இல்லை. 2004இல் முடிந்த பதிவைப் பெரியப்பா புதுப்பிக்கவில்லை. அந்தக் காரின் வாழ்க்கை முழுவதும் பேரேட்டிலும், அவருடைய இரும்புப் பெட்டியில் இருக்கும் ஆர்சி புத்தகத்திலும்தான்.

ஆக, இருக்கிற கார் டேட்டாபேஸில் இல்லை, இல்லாத கார் இருக்கிறது. இரண்டையும் கூட்டினால் எங்கள் குடும்பத்துக்கு ஒரு கார் என்று சரியாகவே வருகிறது! டோட்டல் சரியாக வந்தால் டேட்டா சரி என்று நினைக்கும் என் மேனேஜருக்கு இந்த உதாரணத்தை ஒரு நாள் சொல்ல வேண்டும்.

நானே எண்ணினேன்

இனி வேறு வழி இல்லை. லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போனேன். நாடு முழுவதும் எண்ண என்னால் முடியாது. செங்கோட்டை, தென்காசி, குற்றாலம் வட்டாரத்தையாவது எண்ணலாம் என்று பழைய மெக்கானிக் ஷெட்டுகளுக்கு ஒரு நோட்டோடு அலைந்தேன். நாலு நாளில் நோட்டில் 14 வரிகள் சேர்ந்தன. இலஞ்சியில் ஒன்று, பண்பொழிப் பக்கம் ஒன்று, பிரானூர் பார்டர் தாண்டி ஒன்று, குற்றாலத்தில் ஒரு பங்களாவில் ஒன்று. எனக்கே ஆச்சரியம். பெரியப்பாவுக்கு முகம் வாடிவிட்டது. "அப்ப நெறையத்தான் இருக்கு போல."

இரவு லேப்டாப்பில் எக்செலைத் திறந்து டைப் செய்தபோதுதான் சந்தேகம் வந்தது. இலஞ்சியில் பார்த்த கிரீம் கலர் காரும் குற்றாலத்தில் பார்த்த வெள்ளைக் காரும் வேறு வேறா? ஒருவர் கேரளப் பதிவெண்ணைச் சொல்கிறார், இன்னொருவர் தமிழ்நாட்டு எண்ணைச் சொல்கிறார். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவாங்கூர்-கொச்சியில் இருந்த ஊர். புளியரையைத் தாண்டினால் ஆரியங்காவு. இங்கிருந்து அங்கே பெண் கொடுப்பதுபோல் காரும் போகும் வரும். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் புதிய எண் வாங்க வேண்டும் என்பது சட்டம். அப்படி வாங்கினால் ஒரே காருக்கு இரண்டு எண். வாங்காவிட்டால் கார் இங்கே, கணக்கு அங்கே.

பெயின்ட் மாறும், பதிவெண் மாறும், ஓனர் மாறுவார், இன்ஜினைக்கூட மாற்றிவிடலாம். மாறாதது சேசிஸ் எண் ஒன்றுதான். டேட்டாபேஸில் இதைத்தான் பிரைமரி கீ என்பார்கள். எத்தனை முறை எழுதினாலும் இது அதேதான் என்று சொல்லும் அடையாளம். அடுத்த நாள் மறுபடி கிளம்பினேன். இந்த முறை கையில் டார்ச்சும், சேசிஸ் எண்ணுக்குத் தனிக் காலமும். நீங்கள் உங்கள் வீட்டு விவரம் எதையாவது பட்டியல் போடும்போதும் முதலில் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: இதில் மாறாதது எது? அந்தக் காலத்தை டைப் செய்வதற்கு முன் ஃபார்மட் செல்ஸில் டெக்ஸ்ட் என்று மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் வெறும் இலக்கமாக உள்ள எண்களின் முன்னால் இருக்கும் சைபரை எக்செல் சாப்பிட்டுவிடும். 'ரிமூவ் டூப்ளிகேட்ஸ்' கட்டளையைக் கொடுக்கும் முன் ஃபைலுக்கு ஒரு காப்பி எடுத்து வையுங்கள். சேவ் செய்து மூடிவிட்டால் போன வரிசை திரும்பாது.

சேசிஸ் எண்ணை வைத்து டூப்ளிகேட்டுகளை நீக்கியதும் 14 வரிகள் 5 ஆயின. ஒரே கார் மூன்று மெக்கானிக்குகளின் நினைவில் மூன்று நிறத்தில் ஓடியிருக்கிறது. அந்த ஐந்தில் ஒன்றுக்கு சேசிஸும் கதவும்தான் மிச்சம், உள்ளே கோழி முட்டை போடுகிறது. மூன்று நிற்கின்றன, பெரியப்பாவுடையதையும் சேர்த்து. சாவியைத் திருப்பினால் கிளம்புவது ஒன்றே ஒன்று.

"ஒண்ணா?" என்றார் பெரியப்பா. வெகு நேரம் வேறு எதுவும் பேசவில்லை.

பென்சில் பிரின்ட்

2021 ஜூலையில் மத்திய அரசு பழைய வண்டிகளுக்குத் தனி விதி கொண்டு வந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டி, மூல வடிவத்திலேயே இருக்கும் கார், பைக்குகளை வின்டேஜ் வாகனமாகப் பதிவு செய்யலாம். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். பத்து வருடம் செல்லும். புதிதாகப் பதிவாகும் வண்டிக்கு மாநில எழுத்துக்குப் பின் வி.ஏ. என்று வரும் எண் கிடைக்கும். ஏற்கனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக் கொள்ளலாம். பெரியப்பா மூன்று முறை திருப்பிக் கேட்டது இதைத்தான். அந்த எண் தாத்தா கேட்டு வாங்கியது.

ஒரு நிபந்தனை உண்டு. வின்டேஜ் வண்டியைக் கடைக்குப் போக, சவாரி போக எடுக்கக்கூடாது. கண்காட்சி, வின்டேஜ் ராலி, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, பராமரிப்புக்கு என்று மட்டும்தான் ரோட்டுக்கு வரலாம். அதாவது கணக்கில் வந்துவிடும், ஓட்டம் இருக்காது. எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான். பெரியப்பாவுக்கு இல்லை. "நிக்கிற வண்டி நிக்கட்டும்ல. இருக்குன்னு ஒரு எடத்துல எழுதியிருந்தாப் போதும்."

விண்ணப்பத்தை வீட்டில் இருந்தே கம்ப்யூட்டரில் போட்டோம். பழைய ஆர்சி புத்தகம், இன்சூரன்ஸ், படிவம் 20. ஆர்சியைப் பக்கம் பக்கமாக 300 டிபிஐயில் ஸ்கேன் செய்து கொண்டோம். சில்வர் மீன் அரித்த ஓரத்தில் கடைசி இலக்கம் 3 என்றும் 8 என்றும் தெரிந்தது. பெரியப்பா பானெட்டைத் திறந்தார். அதாவது அண்ணனும் நானும் இழுத்தோம், அவர் கீலுக்கு மண்ணெண்ணெய் ஊற்றினார். எண் உள்ள தகட்டைத் துடைத்து, மேலே ஒரு வெள்ளைத் தாளை வைத்து, பென்சிலைச் சாய்த்துப் பிடித்துத் தேய்த்தார். ஆர்டிஓ ஆபீசில் சேசிஸ் எண்ணுக்குப் பென்சில் பிரின்ட் எடுப்பார்களே, அதே மாதிரி. எட்டு இல்லை, மூன்று. என் ஃபைலில் எட்டு என்று இருந்ததை அங்கேயே திருத்தினேன்.

போன வாரம் மாருதிக்கும் ஒரு கடிதம் எழுதினோம். 14 நாளில் சொல்ல வேண்டியதைப் பத்து வருடத்துக்கு மேல் கழித்துச் சொல்கிறோம்.

ஹெரால்டு விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. சாய்ப்பை இடித்தாயிற்று, கார் தார்ப்பாய்க்குள் இருக்கிறது. அண்ணன் வீட்டு பிளானில் புதிதாக ஒரு போர்டிகோ சேர்ந்திருக்கிறது. ஹெரால்டின் நீளம் 12 அடி 9 அங்குலம். எஞ்சினியரிடம் பெரியப்பா கேட்டது 16 அடி. பானெட் முன்னால் கவிழ இடம் வேண்டுமாம்.